மேஜர் டெய்லரும் தகுதி திறமையும்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவான்னு கூப்பிட்டா இவன் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கானேன்னு யாரும் நினைக்க வேண்டாம். தகுதி, திறமை பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த ரெண்டு வார்த்தையை நம்மைப் பார்த்துச் சொல்லாத அலுவலகம் எது? பிரமோஷன் பட்டியல் ஒட்டின அன்னிக்கு கேன்டீன்ல டீ ஆறுவதற்குள் வந்துவிடும். 'திறமை இருக்கிறவன் எப்படியும் மேல வந்துருவாங்க, அவனை எவன் தடுக்க முடியும்?' இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்கிறபோதெல்லாம் மார்க் போட்டது யார், நேர்காணலில் உட்கார்ந்தது யார் என்று போகிறோம். சரிதான். ஆனால் மார்க் போடுகிற கையே இல்லாத ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன? தரையில் ஒரு கோடு, நடுவர் கையில் ஒரு கடிகாரம். கோட்டை முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தவன். அங்கேயாவது திறமை தானாக மேலே வந்ததா?

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் 1878 நவம்பர் 26ஆம் தேதி மார்ஷல் டெய்லர் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். பெற்றோர் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அடிமைமுறை இருந்த மாநிலம் அது. அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர். பிறகு ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்தில் வண்டியோட்டி. அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாக மார்ஷலையும் கூட்டிப் போனார்கள். வீட்டுப் பையனுக்கு இருந்த உடுப்பு, பொம்மை, படிப்பு எல்லாம் கொஞ்ச காலம் இவருக்கும் கிடைத்தது, ஒரு சைக்கிளும் கிடைத்தது. ஆனால் பையன்கள் கூட்டமாக ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் மற்றவர்கள் உள்ளே, இவர் மட்டும் மாடத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். கறுப்புப் பையனுக்கு உறுப்பினர் சீட்டு இல்லை. தன் நிறம் என்ன விலை போகும் என்று அவர் தெரிந்துகொண்ட முதல் இடம் அது. எழுத்தறிவில்லாத சிற்றூர் இல்லீங்க, பெரிய நகரம். கிறிஸ்தவ வாலிபர் சங்கம்.

அந்தக் குடும்பம் சிகாகோவுக்குப் போனபோது இவர் போகவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பி, சைக்கிளில் பத்திரிகை போட்டார். கைப்பிடியை விட்டு, இருக்கையில் நின்று, பின்பக்கமாகத் திரும்பி என்று வித்தைகள் தானே கற்றுக்கொண்டார். ஒரு சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்து வேலைக்கு வைத்தார். என்ன வேலை? கடையைப் பெருக்கிச் சுத்தம் பண்ணணும், சாயங்காலம் கடைக்கு முன்னால் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்கணும். அதற்கு ராணுவ உடுப்பு மாதிரி ஒன்று மாட்டிவிட்டார்கள். அதனால்தான் 'மேஜர்' என்ற பேர். பட்டம் கொடுத்துப் பெற்றதல்ல, வேடிக்கை காட்டப் போட்ட சட்டையிலிருந்து ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் உலகம் முழுக்க அந்தப் பெயரை மரியாதையோடு கூப்பிட வைத்தார் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. மோட்டார் கார் பரவாத காலம். 1890களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. தொழில்முறைப் பந்தயக்காரர்களுக்கு நல்ல காசு. சைக்கிள் கம்பெனிகள் அவர்களைத் தங்கள் வண்டியில் ஓட்டவைத்து விளம்பரம் தேடின. காசு புரள்கிற இடத்தில் கதவு எப்படிச் சாத்தப்படும் என்று நமக்குத் தெரியும். அமெரிக்க சைக்கிள்காரர்களின் பெரிய சங்கம் 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்'. 1894இல் அது கூடி, தன் விதியில் 'வெள்ளையர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. வேலை முடிந்தது. கூடின இடம் எது தெரியுமா? கென்டக்கியில், லூயிஸ்வில் நகரம். இவருடைய பெற்றோர் விட்டு வந்த மண். இருந்தும் பந்தயத்தில் ஓட்டுவதை அந்த விதி நேராகத் தடுக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் டெய்லர் உள்ளே நுழைந்தார்.

மங்கர் என்று ஒரு வெள்ளைக்காரர், பழைய பந்தயக்காரர், சைக்கிள் தயாரிப்பவர். இந்தப் பையனை உலகத்திலேயே வேகமானவனாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று நின்றவர். அவர் 1895இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டருக்குத் தொழிலை மாற்றியபோது டெய்லரையும் கூட்டிப் போனார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. கதவு திறந்தது. 1896இல் சொந்த ஊர் ஓடுபாதைக்குப் போய், பந்தயத்துக்கு வெளியே தனியாக ஓட்டி, ஒரு வெள்ளை வீரரின் ஒரு மைல் சாதனையை முறியடித்தார். பரிசு என்ன? அந்த ஓடுபாதையில் இனி ஓட்டக் கூடாது என்ற தடை! கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியது, தோழர்களே. கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. அதே 1896இல்தான், 'தனித்தனி, ஆனால் சமம்' என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறப் பிரிவினையைச் சட்டமாக்கியது.

அந்த வருஷம் டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தொழில்முறை வீரராக இறங்கினார். வயசு பதினெட்டு. ஆறு நாள் பந்தயம். நம்ம ஊர்களில் இரவு பகல் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வருவார்களே, ஞாபகம் இருக்கா? மைதானத்தில் கம்பம் நட்டு, மைக் செட் கட்டி, குளிப்பது சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. ஏழாம் நாள் ஊரே கூடி நோட்டு மாலை போடும். அந்தப் பிழைப்பைக் கூரை போட்ட பெரிய அரங்கத்தில், போட்டியாக, சூதாட்டக் காசோடு நடத்தினால் அதுதான் ஆறு நாள் பந்தயம். யார் அதிக தூரம் ஓட்டுகிறார்களோ அவர் ஜெயித்தார். தூக்கம் இல்லாமல் புத்தி பேதலித்துச் சுற்றுவார்கள். டெய்லருக்கும் அப்படி ஆனது. கத்தியை எடுத்துக்கொண்டு ஒருத்தன் தன்னைத் துரத்துகிறான் என்று இறங்கிவிடப் பார்த்தார். இறக்கிவிட ஆள் இல்லை, ஏற்றிவிட இருந்தார்கள். 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தார். மயக்கத்தில் வந்த பிரமை என்று எழுதுகிறார்கள். அடுத்த சில வருஷங்களைப் பார்த்தால் எனக்கு அது வெறும் பிரமையாகப் படவில்லை.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள ஓடுபாதைப் பந்தயத்தின் சூட்சுமம் கொஞ்சம் தெரிய வேண்டும். பாதை வட்டமாக, வளைவுகளில் கிண்ணம் மாதிரிச் சரிந்து இருக்கும். சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. முன்னால் போகிறவன் காற்றை உடைத்துக்கொண்டு போகணும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதனால் கெட்டிக்காரன் கடைசிவரை பின்னாலேயே இருந்துவிட்டு, கோடு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பாய்வான். குறுந்தூரப் பந்தயத்தின் கலையே அந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. டெய்லருக்கு வாய்த்த பாய்ச்சல் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் பின்னால் இருந்தால் என்ன செய்வார்கள்? முன்னே ஒருவன், பக்கத்தில் ஒருவன், பின்னே ஒருவன் என்று பெட்டி மாதிரி அடைத்துவிடுவார்கள். முழங்கையால் இடிப்பார்கள். உள்வேலியோடு சேர்த்து நெருக்குவார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான், பரிசுக்கு அடித்துக்கொள்கிறவர்கள்தான். இவர் இறங்கிய பந்தயத்தில் மட்டும் ஒரே கட்சி. யார் ஜெயித்தாலும் சரி, இவர் ஜெயிக்கக் கூடாது, காசைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். அதனால் டெய்லர் பல பந்தயங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதுமே முன்னால் போய்விடுவார். காற்றை முழுக்கத் தானே வாங்கிக்கொண்டு, கடைசிவரை யாரையும் பக்கத்தில் விடாமல் ஓட்டுவார். இல்லாவிட்டால் ஒரு கை அகலச் சந்து கிடைத்தால் அதில் புகுந்து வெளியே வருவார். விளையாட்டு எழுத்தாளர்கள் இதை அவருடைய 'பாணி' என்று வியந்து எழுதுவார்கள். பாணியாம்! அடிக்க வருகிறவர்கள் பின்னால் இருக்கும்போது மனுஷன் முன்னால் ஓடாமல் என்ன செய்வான்? தகுதி திறமை பேசுகிறவர்கள் கணக்கில் இந்தக் காற்று வருவதே இல்லை. இன்னொருத்தன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தவனும், முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்கியவனும் ஒரே வினாடியில் கோட்டைத் தொட்டால் ரெண்டும் சமம் என்று எழுதிக்கொள்வார்கள்.

1897இல் மாசசூசெட்ஸில் டான்டன் என்ற ஊரில் ஒரு பந்தயம். முடிந்ததும் பெக்கர் என்ற வெள்ளை வீரர் டெய்லரைச் சைக்கிளிலிருந்து இழுத்துத் தள்ளிக் கழுத்தை நெரித்தார். மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவர் எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆனதாம். கழுத்தை நெரித்தவருக்கு அபராதம் 50 டாலர். மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இது தெற்கில் அல்ல, நிறவெறி இல்லாததாகச் சொல்லிக்கொண்ட வடக்கில்.

தெற்கின் கதை தனி. 1898 ஆரம்பத்தில் பயிற்சிக்காக ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்துக்குப் போனார். ஒரு நாள் சாலையில், மூன்று பேர் சேர்ந்து மிதிக்கிற நீள சைக்கிளில் வெள்ளை வீரர்கள் போக, இவர் பின்னால் போனார். பின்னால் வராதே என்றார்கள். வாய்ச்சண்டை முற்றி, இவர் தனி ஆளாக அந்த மூன்று பேரையும் முந்திக்கொண்டு போய்விட்டார். அடுத்து ஒரு மிரட்டல் கடிதம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போ, உயிர் வேண்டுமானால். கீழே 'வெள்ளை வீரர்கள்' என்று கையெழுத்து. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கழுத்தை நெரித்ததைவிடவும் கடிதம் போட்டதைவிடவும் சாமர்த்தியமான வேலை ஒன்று இருந்தது. தேசிய சாம்பியன் பட்டம் ஒரே பந்தயத்தில் தீர்மானமாவதில்லை. சீசன் முழுக்க ஊர் ஊராக நடக்கிற பந்தயங்களில் சேர்க்கிற புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். தென்மாநிலப் பந்தயம் நடத்துபவர்கள் 1897இல் டெய்லரின் பெயரையே எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டாத பந்தயத்தில் புள்ளி ஏது? யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. கூட்டல் கணக்கில் பின்தங்கினார், அவ்வளவுதான். வருஷக் கடைசியில் பட்டியலைப் பார்க்கிறவனுக்கு எண் மட்டும்தான் தெரியும். எந்தக் கட்டத்தில் ஏன் பூஜ்யம் என்று பட்டியல் சொல்லாது. நம்முடைய சீனியாரிட்டி பட்டியல்களை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஜெயித்தார். 1899 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியாலில் ஒரு மைல் குறுந்தூர உலக சாம்பியன். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்குப் பிறகு உலகப் பட்டம் வாங்கிய இரண்டாவது கறுப்பர் என்பார்கள். அதே ஆண்டு நவம்பரில், நீராவி எந்திர வண்டியின் பின்னால் ஓட்டி ஒரு மைலை 1 நிமிடம் 19 வினாடி சொச்சத்தில் கடந்தார். 1900இல் அமெரிக்க சாம்பியன் பட்டமும் வந்தது. கையில் காசு சேர்ந்தது. வூஸ்டரில் வசதியானவர்கள் இருக்கிற பகுதியில் ஒரு வீடு வாங்கினார். வாங்கியது கறுப்பர் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடி, கொடுத்த விலைக்கு மேலே தருகிறோம், விற்றுவிட்டுப் போ என்றார்கள். அவர் போகவில்லை. உலக சாம்பியனுக்கே வீடு இல்லை என்றால், மாற்றலாகி வந்த ஊரில் வீட்டுக்காரர் 'நீங்க என்ன ஆளுங்க' என்று இழுக்கும்போது நாம் ஏன் கூசணும்?

ஐரோப்பாவிலிருந்து முன்பே பெரிய தொகைக்கு அழைப்பு வந்திருந்தது. அவர் போகாததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அம்மா 1898இல் இறந்த பிறகு பாப்டிஸ்ட் சபையில் உறுதியாகச் சேர்ந்துவிட்டார், ஞாயிறு ஓட்ட மாட்டேன் என்றார். ஐரோப்பாவில் கூட்டம் சேர்வதே ஞாயிறுதான். மதத்தைப் பற்றி எனக்கு உள்ள அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை நான் வெறும் பக்தியாகப் பார்க்கவில்லை. ஆறு நாளும் உடம்பைப் பிறர் காசாக்கும் தொழிலில், ஏழாம் நாள் என் உடம்பு எனக்கு என்று சொன்ன மனுஷன். எத்தனை ஆயிரம் டாலர் காட்டினாலும் கொடுக்க மாட்டேன் என்றார். கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள்தான் இறங்கி வந்து வாரநாட்களில் பந்தயம் வைத்தார்கள்.

1901 மே மாதம் பாரிஸ், பார்க் தே ப்ரான்ஸ் அரங்கம். எதிராளி பிரான்சின் செல்லப்பிள்ளை எட்மண்ட் ஜாக்லின், 1900ஆம் ஆண்டின் உலக சாம்பியன். மே 16, குளிர். டெய்லர் தோற்றார். ஜெயித்த ஜாக்லின் மூக்கில் விரல் வைத்துப் பழிப்புக் காட்டினார். மே 27, வெயில் நாள். டெய்லர் ஜெயித்தார், நேர் வெற்றி. அரங்கத்தின் இயக்குநர் கோபத்தில் பரிசுப் பணம் முழுவதையும் பத்து சென்டீம் செப்புக் காசாகக் கொடுத்தார், தள்ளுவண்டி வைத்துத்தான் கொண்டு போனார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. தொகை 7,500 டாலர் என்கிறார்கள். நான் தினமும் சில்லறை எண்ணுகிறவன், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டாலருக்கு ஐந்து பிராங்க் என்று வைத்தால் 37,500 பிராங்க். பிராங்குக்குப் பத்துக் காசு. மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம் காசு. ஒரு காசு 10 கிராம். மூன்றே முக்கால் டன்! தள்ளுவண்டி தாங்காது, லாரி வேணும். ஆக, தொகையைச் சொல்லிச் சொல்லியே கூட்டியிருக்கிறார்கள். ஆனால் கூலியை மூஞ்சியில் சில்லறையாக விட்டெறிகிற அந்தப் புத்தி இருக்கிறதே, அதை யாரும் கற்பனை பண்ணத் தேவையில்லை.

1902இல் ஐரோப்பாவில் 57 பந்தயம், 40 வெற்றி. அந்த வருஷமே டெய்சி மாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஆஸ்திரேலியா. 1901இல்தான் வெள்ளையரல்லாதவர் குடியேற முடியாதபடி அந்த நாடு சட்டம் போட்டிருந்தது. குடியிருக்க வராதே, ஓட்டிக் காட்ட வா! போனார், காசு கொட்டியது, ஜனம் கொண்டாடியது. 1904இல் மறுபடி போனபோது மெக்ஃபார்லண்ட் என்ற அமெரிக்க வீரரும் வந்திருந்தார். கூடவே அந்தப் பழைய பெட்டி கட்டும் வேலையும் கடல் தாண்டி வந்தது. அங்கே பிறந்த மகளுக்கு ரீட்டா சிட்னி என்று ஊர்ப் பெயரையே வைத்தார் டெய்லர். கைக்குழந்தையோடு சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார்கள். சாப்பிட ஓட்டல் இல்லை, தங்க அறை இல்லை. கூட வந்த ஆஸ்திரேலிய வீரர், இதுதானா நீங்கள் பெருமையாகச் சொன்ன நாடு என்று திகைத்தாராம்.

வீடு வந்து சேர்ந்தவர் நொறுங்கிப் போனார். நரம்புத் தளர்ச்சி என்று எழுதினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. ஒப்பந்தத்தை மீறினார் என்று ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். எல்லோரும் அவருடைய தொடைகளை அளந்தார்கள், நுரையீரலை அளந்தார்கள். பாரிஸில் டாக்டர்களே சுற்றி நின்று பரிசோதித்தார்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் இடது பக்கம் யார் இடிப்பான், வலது பக்கம் யார் நெரிப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டிய அந்தத் தலைக்குள் என்ன நடந்தது என்று அளக்க யாருக்கும் தோன்றவில்லை. 1907இல் திரும்பி வந்தார், ஜெயிக்கவும் செய்தார், பழைய வேகம் இல்லை. 1909இல் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டச் சம்மதித்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் படிக்கக் கஷ்டமான இடம் அதுதான், கழுத்தை நெரித்த இடம்கூட இல்லை. 1910இல் ஓய்வு, வயது முப்பத்திரண்டு.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போட்ட தொழில்கள் நஷ்டம். பொறியியல் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார், பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வீடு போனது, மனைவி பிரிந்து போனார். தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தானே காசு போட்டு 1928இல் புத்தகமாக அச்சிட்டார். அதை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். கடைசிக் காலத்தில் சிகாகோவில், ஒய்.எம்.சி.ஏ. அறையில் தங்கியிருந்தார். ஆமாம், அதே ஒய்.எம்.சி.ஏ.தான், கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த கிளை. 1932 ஜூன் 21, அரசு ஆஸ்பத்திரியின் தர்ம வார்டில் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. அநாதைகளைப் புதைக்கிற பகுதியில் பெயர்ப்பலகை இல்லாமல் புதைத்தார்கள். 1948இல் பழைய பந்தய வீரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஷ்வின் சைக்கிள் கம்பெனி முதலாளியிடம் காசு வாங்கி, தோண்டியெடுத்து நல்ல இடத்தில் மறுபடி புதைத்துக் கல்வெட்டு வைத்தார்கள். எந்த நகரத்தின் ஓடுபாதையில் கால் வைக்காதே என்றார்களோ, அந்த இண்டியானாபோலிஸில் 1982இல் கட்டிய ஓடுபாதைக்கு அவர் பெயர். 1894இல் சேர்த்த 'வெள்ளையர்' என்ற சொல்லுக்காகச் சைக்கிள்காரர் சங்கம் அந்தத் தடையை முறைப்படி ரத்து செய்தது 1999இல். நூற்றைந்து வருஷம்! யாரும் அதற்குள் அந்த விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லையாக்கும்.

அவர் வீடு வீடாக விற்ற அந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவரணும். முழுசாக முடியாவிட்டாலும் சவானா அத்தியாயத்தையும் பாரிஸ் அத்தியாயத்தையுமாவது முதலில் செய்யலாம். பழைய ஆங்கிலம், கொஞ்சம் சிரமப்படுத்தும். சைக்கிள் பந்தயச் சொற்களுக்கு ரிப்பேர் கடைத் தோழர்களிடம் கேட்டால் நம்மைவிட நல்ல தமிழ் கிடைக்கும். செய்ய விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்க, நான் பின்வரிசையில்தான் இருப்பேன்.